சீகூர் காட்டில் உண்ணிச்செடி எடுப்பது: வேர், புல், கூலி

நீலகிரி மாவட்டத்து மசினகுடியிலிருந்து மாவனல்லா, வாழைத்தோட்டம் பக்கம் கோடையில் வண்டியில் போகிறவர்கள், ரோட்டின் இரண்டு ஓரமும் பச்சைப்பசேல் என்று இருப்பதைப் பார்த்து "காடு செழிப்பாத்தான் இருக்கு" என்பார்கள். அந்தப் பச்சையில் பாதிக்கு மேல் உண்ணிச்செடி, அதாவது லாந்தனா. பங்குனி, சித்திரையில் சீகூர் காடு பழுப்பு நிறத்தில் இருப்பதுதான் முறை. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையைக் கூடலூர், நடுவட்டம் சரிவுகள் வாங்கிக்கொள்கின்றன. முதுமலையின் மேற்கு ஓரத்தில் ஆண்டுக்கு 1,800 மி.மீ. வரை பெய்யும் மழை, கிழக்கே மாயாற்றுப் பள்ளத்தாக்கை நோக்கி இறங்க இறங்க 600 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். உசிலை, வெள்வேல், கருங்காலி, இலந்தை, கிளுவை, இடையிடையே புல்தரை, ஓடைக்கரையில் நீர்மருது. இதுதான் இந்த நிலத்தின் உடம்பு. இதைப் பாழ்நிலம் என்று நினைத்து மரம் நட வருகிறவர்களும், பச்சையைப் பார்த்துப் பூரிக்கிறவர்களும் செய்வது ஒரே தவறுதான்.

உண்ணி அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி. 1800களின் தொடக்கத்தில் அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். கறுத்துப் பழுத்த பழத்தைச் சின்னானும் மைனாவும் தின்று, உட்கார்ந்த மரத்தடியில் எல்லாம் விதைத்துவிட்டுப் போகின்றன. ஆள் உயரத்துக்கு மேல் புதராகும். பக்கத்தில் மரம் இருந்தால் அதன்மேலும் ஏறும். அடியில் புல் முளைக்க வெளிச்சம் விடாது. புல் போனால் மானுக்கும் காட்டெருமைக்கும் மேய்ச்சல் போச்சு, பட்டி மாட்டுக்கும் போச்சு. தீப்பிடித்தால் தரையோடு ஓடிப் போக வேண்டிய நெருப்பை மர உச்சிக்கு ஏற்றிவிடும் ஏணி இது. எரிந்த பின் மற்றச் செடிகள் யோசித்துக்கொண்டிருக்கும்போது அடிக்கட்டையிலிருந்து முதலில் துளிர்ப்பதும் இதுதான்.

இதை எடுக்க வேண்டும் என்பதில் இன்று சண்டை இல்லை. தமிழ்நாடு அரசு 2022இல் அந்நியக் களைச்செடிகளுக்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. எப்படி எடுப்பது, எடுத்த பிறகு யார் பார்ப்பது என்பதில்தான் பணமும் உழைப்பும் வீணாகின்றன.

முதலில் வேர். உண்ணியின் தண்டும் ஆணிவேரும் சேரும் கழுத்துப் பகுதியில்தான் துளிர்மொட்டுகள் இருக்கின்றன. கழுத்துக்குக் கீழே இருக்கும் ஆணிவேருக்குத் திரும்பத் துளிர்க்கும் வலு இல்லை. டெல்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி.ஆர். பாபு குழுவினர் பரப்பிய முறை இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது: மண்மட்டத்துக்குக் கீழே 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில், அதாவது இரண்டு மூன்று விரல் கிடை அளவில், ஆணிவேரை வெட்டி, கழுத்தோடு சேர்த்துப் புதரை எடுத்துவிடுவது. மண்மட்டத்தில் கொடுவாளால் சீவினால், ஒரு தண்டு இருந்த இடத்தில் அடுத்த மழைக்கு நாலைந்து தண்டு நிற்கும். "போன வருசம்தான் வெட்டுனோம், அதுக்குள்ள முன்னைவிட அடர்த்தியா வந்துருச்சு" என்று கேள்விப்படும் இடங்களில் போய்ப் பாருங்கள். அடிக்கட்டையில் சீவிய தழும்பு இருக்கும்.

இரண்டு பேர் ஒரு ஜோடியாக வேலை செய்தால் நன்றாக நடக்கும். ஒருவர் முள்வேலி போடும்போது பிடிப்பதுபோல் கவைக்கோலால் கிளைகளை ஒருபக்கம் தூக்கிப் பிடிக்க வேண்டும். மற்றவர் அடி தெரியும் அளவுக்கு மட்டும் கொடுவாளால் கழித்துவிட்டு, கூந்தாலியைச் சாய்வாக இறக்கி வேரை வெட்ட வேண்டும். நேர்க்குத்தாகக் கொத்தினால் மண்தான் பெயரும், வேர் நழுவிவிடும். வெட்டிய புதரைத் தலைகீழாகத் திருப்பி, வேர் வானத்தைப் பார்க்க, ஏற்கெனவே சாய்த்த புதரின் மேலேயே போட வேண்டும். ஈரமண்ணில் படுத்துக்கிடக்கும் உண்ணித்தண்டு கணுவில் வேர் விட்டுவிடும். பழைய புதர்களில் இப்படிப் படர்ந்து வேரூன்றிய கிளைகள் நாலைந்து இருக்கும். பார்க்க ஒரே புதர். கணக்குக்கு ஐந்து செடி. ஒவ்வொன்றையும் தனியாக வெட்டாவிட்டால் ஒன்றையும் எடுத்ததாக ஆகாது.

நாள் பார்ப்பதும் முக்கியம். காய்ந்த தரையில் இழுத்தால் தண்டு முறிந்து கழுத்து மண்ணுக்குள் நின்றுவிடும். சேறாக இருந்தால் மண் கட்டியாக வேரோடு வந்து, புதைந்து கிடந்த விதைகளுக்கெல்லாம் வெளிச்சம் கிடைத்துவிடும். மழை விட்டு இரண்டு மூன்று நாள் கழித்து, கையில் பிடித்தால் உதிரும் ஈரத்தில் தொடங்குவது நல்லது. சீகூர் பக்கத்துக்கு வைகாசி முதல் ஆவணி வரை சரியான காலம். கோடைமழையில் மண் இளகியிருக்கும். ஐப்பசி மழைக்கு முன் புல் விதைக்கவும் நேரம் கிடைக்கும். கறுத்த பழம் இருக்கும் கிளையை மட்டும் முதலில் கழித்து ஒரே இடத்தில் குவித்துவிடுங்கள். பின்னால் முளைக்கும் நாற்றெல்லாம் அந்த ஒரு இடத்தில் முளைக்கும், பிடுங்குவது சுலபம்.

ஜேசிபி பற்றிக் கேட்காத ஆள் இல்லை. ஒரே நாளில் ஏக்கர் கணக்கில் மொட்டையடித்துவிடும்தான். ஆனால் மேல்மண்ணைப் புரட்டி விதையை வெளியே கொண்டுவருவது, சக்கரம் அழுத்திய இடத்தைக் கட்டாந்தரையாக்குவது, சீயக்காய்க் கொடியையும் களாச்செடியையும் சேர்த்து வழிப்பது எல்லாமே அதே நாளில் நடந்துவிடும். நீலகிரியில் மண் தோண்டும் இயந்திரங்களுக்கு மாவட்ட நிர்வாகத்தின் கட்டுப்பாடு வேறு இருக்கிறது.

வேலைக்கு முந்தின நாள் ஒரு சுற்று நடந்து, விட வேண்டிய செடிகளில் துணி கட்டிவிட வேண்டும். சீயக்காய், சூரை, களா, ஆதண்டை, சங்கஞ்செடி எல்லாமே முள்ளும் புதருமாக உண்ணியோடு பின்னிக் கிடக்கும். வெளியூர் ஆளுக்கு எல்லாம் ஒரே களைதான். சீயக்காய் பொறுக்கும், ஈச்சமாறு அறுக்கும் இருளர், குறும்பர் பெண்களை இந்தச் சுற்றுக்கு அழைத்துப் போய், அன்றைக்கும் முழு நாள் கூலி கொடுங்கள். இதற்கு எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் தனி வரி இருக்காது, கேட்டுப் போட வேண்டும். ஈச்சு வெயில் கேட்கும் செடி, உண்ணி மூடிய இடத்தில் நலிந்துபோகும். திறந்துவிட்டால் திரும்ப ஓலை விடும், ஆனால் குருத்தை விட்டு வெளி ஓலையை மட்டும் அறுக்க வேண்டும்.

எவ்வளவு ஆள் வேண்டும் என்பதற்கு அடுத்த மாவட்டத்துக் கணக்கைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். அடர்ந்தது, நடுத்தரம், சிதறலாக இருப்பது என மூன்று இடத்தில் 10 மீட்டருக்கு 10 மீட்டர் சதுரம் கயிறு கட்டி எடுத்துப் பாருங்கள். ஒரு சதுரத்துக்கு ஆன ஆள்நாளை 100ஆல் பெருக்கினால் ஒரு எக்டேர் கணக்கு. அதன்மேல் அடுத்த இரண்டு ஆண்டு நாற்று பிடுங்கும் நாள்களையும் சேர்த்து வருவதுதான் உண்மையான செலவு. முதலாண்டு வெட்டுக்கூலிக்கு மட்டும் பணம் ஒதுக்கிய திட்டம், உண்ணிக்குக் கவாத்து செய்துவிட்ட திட்டம்.

எங்கே தொடங்குவது? மனசு அடர்ந்த இடத்துக்கே போகும். சிதறலாக இருக்கும் ஓரத்தில் தொடங்கி அடர்ந்த இடத்தை நோக்கிப் போவதுதான் சரி. ஓரத்தில் புல் இன்னும் உயிரோடு இருக்கிறது, அது தானாகவே உள்ளே நடந்து வரும். ஒரே மூச்சில் பெரிய பரப்பைத் திறக்காமல் பட்டை பட்டையாகத் திறந்தால், புதரில் ஒதுங்கும் சின்ன உயிர்களுக்கும் இடம் மிச்சம் இருக்கும், நாற்று பிடுங்கவும் கை போதும்.

புல்லுக்கு வருவோம். முழு வேலையும் இங்கேதான் ஜெயிக்கும் அல்லது தோற்கும். வெறும் மண்ணாக விட்ட இடத்தில் அடுத்த மழைக்குப் பார்த்தீனியமும் கம்யூனிஸ்ட் பச்சையும் வந்து குடியேறிவிடும். ஒரு களையைத் துரத்தி இன்னொன்றுக்கு வாசல் திறந்த கதை. அதனால் உண்ணி எடுக்கும் முந்தைய ஆண்டே புல்விதை சேர்க்கத் தொடங்க வேண்டும். கொழுக்கட்டைப்புல், துணியில் குத்தி ஏறும் ஊசிப்புல் இரண்டும் பக்கத்துத் தரையிலேயே கிடைக்கும். கதிர் முற்றி உதிரத் தொடங்கும்போது கையால் உருவி, நிழலில் உலர்த்தி, காற்றோட்டமான சாக்கில் வைக்கலாம். இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: புதிதாக உருவிய கொழுக்கட்டைப்புல் விதை உடனே முளைக்காது, ஆறு முதல் எட்டு மாதம் வரை உறங்கும். மார்கழியில் சேர்த்ததைப் புரட்டாசியில் விதைத்தால் கணக்குச் சரியாக வரும். ஊசிப்புல்லில் முறுக்கிக்கொள்ளும் வாலை நறுக்கிவிட்டால் விதைக்கச் சுலபம்.

எக்டேருக்கு 6 முதல் 8 கிலோ கொழுக்கட்டைப்புல் விதை. பஞ்சுபோல் இருப்பதால் வெறுமனே வீசினால் காற்று அள்ளிக்கொண்டு போகும், மிச்சத்தை எறும்பு இழுக்கும். செம்மண்ணும் பொடித்த சாணமும் கலந்து பிசிறிவிட்டு வீசி, முள்கிளையை மேலே ஒருமுறை இழுத்துவிட்டால் போதும். ஒரு செ.மீ.க்கு மேல் ஆழம் போனால் முளை வெளியே வராது. சரிவான இடத்தில் விதையைவிடத் தூர் பிரித்து நடுவது நம்பகமானது. நுனியை ஒரு சாண் உயரத்துக்கு வெட்டி, அரை மீட்டருக்கு ஒன்று நட்டால் எக்டேருக்கு 40,000 தூர் ஆகிவிடும். அவ்வளவு முடியாது. சரிவுக்குக் குறுக்கே வரிசை வரிசையாக மட்டும் நட்டு, நடுவில் விதை தூவலாம். காய்ந்த உண்ணிக் கிளைகளை, வேர் காய்ந்து ஒடிகிறதா என்று பார்த்தபின், அந்த வரிசைகளுக்குக் கீழே அணையாகப் போட்டால் ஓடும் மண் அங்கே நிற்கும்.

அந்த ஆண்டு மாடு உள்ளே போகக் கூடாது. இந்த இடத்தில்தான் ஊரோடு பேச்சு வரும். சீகூர் பக்கம் பட்டி மாடு பாலைவிடச் சாணத்துக்காகவே அதிகம் வளர்க்கப்படுகிறது. சாணம் லாரியில் கேரளத்துக்கும் தோட்டங்களுக்கும் போகிறது. ஒரு குடும்பத்தின் மேய்ச்சலை ஒரு மழைக்காலம் மூடச் சொன்னால், அந்தக் காலத்துக்குத் தீவனத்துக்கு என்ன வழி என்று முதலில் சொல்ல வேண்டும். பட்டையாகத் திறப்பதில் இந்த வசதியும் உண்டு: ஒரு பட்டையை மூடினால் மற்றவை மேய்ச்சலுக்குத் திறந்திருக்கும். புல் ஒருமுறை கதிர்விட்டு விதை உதிர்த்த பிறகு மாட்டை விடலாம். சீமைக்கருவேலங்காய் தின்ற மாட்டை மட்டும் ஐந்தாறு நாள் வேறு இடத்தில் கட்டிவிட்டுத்தான் விட வேண்டும். சாணத்தோடு வரும் விதை பாதுகாப்பாக, உரத்தோடு முளைக்கும்.

மாடு பற்றிப் பேசும்போது இன்னொன்று. தீவனம் இல்லாத கோடையில் உண்ணித்தழையைத் தின்ற மாட்டுக்குக் கல்லீரல் கெட்டுக் கண் மஞ்சளாகும். வெயில் பட்ட தோல், குறிப்பாக வெள்ளைத் தோல், வெடித்து உரியும். நிழலில் கட்டிவிட்டுக் கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். வலிக்கு ஊசி போடுவதாக இருந்தால் மெலாக்சிகாம்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டைக்ளோஃபினாக் ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பாறுக்கழுகு சிறுநீரகம் செயலிழந்து சாகும். கால்நடைக்கு அந்த மருந்து 2006இலேயே தடை செய்யப்பட்டது, கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபினாக்கும் 2023இல் தடையாயின. மாயாற்றங்கரை நீர்மருதில் பாறுகள் இன்னும் கூடு கட்டுகின்றன; அவற்றின் சாப்பாடு நம் பட்டியிலிருந்தும் போகிறது.

எடுத்துப் போட்ட உண்ணி என்ன ஆவது? மாசி முதல் சித்திரை வரை தீக்காலம். அதற்குள், அணைக்குப் போட்டதுபோக மிச்சக் குவியல் காட்டை விட்டு வெளியேற வேண்டும், அங்கேயே கொளுத்தவும் கூடாது. கட்டைவிரல் பருமன் குச்சி கைவினைக்கு ஆகும். இரண்டு மூன்று மணி நேரம் கொதிக்கவைத்தால் பட்டை உரியும், பூச்சி அரிக்காது, சூட்டோடு வளைத்தால் வளையும். ஆறிவிட்டால் ஒடியும், அதனால் கொப்பரை பக்கத்திலேயே வேலை நடக்க வேண்டும். கூடலூர் பக்கத்துப் பழங்குடிக் கைவினைஞர்கள் இரும்புச் சட்டத்தின் மேல் இந்தக் குச்சியை வளைத்துச் செய்த நிஜ அளவு யானைகள் 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. அதைக் கேட்டுவிட்டு எல்லா ஊரிலும் கைவினை மையம் கட்டக் கிளம்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு எக்டேரில் கைவினைக்குத் தேறும் நேரான குச்சி கொஞ்சம்தான். நாற்காலி வாங்க ஆள் இருக்கிறதா என்று பார்க்காமல் பயிற்சி கொடுத்தால் மிஞ்சுவது சான்றிதழ். மிச்சக் கட்டை விறகுக்கு, இல்லையென்றால் கரிக்கு. நன்கு காய்ந்த 100 கிலோ குச்சி மூடிய டிரம்மில் 20 முதல் 25 கிலோ கரியாகும். அதைச் சாணத்தோடு கலந்து தோட்டத்துக்குப் போடலாம். இந்தக் கட்டை யாருக்குச் சொந்தம் என்பதை முதல் செடியை வெட்டும் முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கட்டை குவிந்த பிறகு பேசினால் பங்காளிச் சண்டைதான்.

அனுமதி. சீகூர் காப்புக்காடு முதுமலைப் புலிகள் காப்பகத்தோடு சேர்ந்தது. வனத்துறை இல்லாமல் அங்கே ஒரு செடியும் எடுக்க முடியாது. பட்டா நிலத்தில் எடுக்கலாம், ஆனால் உள்ளே இருக்கும் மரத்தில் கை வைத்தால் 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப்பாதுகாப்புச் சட்டம் வரும். பழங்குடி ஊர்களுக்கு இன்னொரு வழி உண்டு. 2006 வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 3(1)(இ) சிறுவனப் பொருள்மீது உரிமை தருகிறது. சமூக வன வளத்தைக் காக்கவும் மீட்கவும் நிர்வகிக்கவும் உரிமை 3(1)(ஐ)இல் இருக்கிறது. ஆங்கில மூலத்தில் இவை சி, ஐ என்ற எழுத்துகளில் வரும். இந்த இரண்டாவது உரிமைக்குப் படிவம் சி. அதை விட்டுவிட்டுப் படிவம் பி மட்டும் கொடுத்தால் பொறுக்கும் உரிமை வரும், பராமரிக்கும் உரிமை வராது. கிராமசபையில் உறுப்பினரில் பாதிப்பேர் இருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். ஒரே ஒரு ஆதாரம் போதாது: பெரியவர்களின் வாக்குமூலம், பழைய கோயில், சுடுகாடு, கிணறு எனக் குறைந்தது இரண்டு சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

பாதுகாப்பு விஷயத்தில் யாரும் பெருந்தன்மை காட்ட வேண்டாம். உண்ணிப்புதருக்குள் படுத்திருக்கும் காட்டெருமை பத்தடி தூரத்திலும் தெரியாது. வெயில் ஏறிய பிறகு தொடங்கி மூன்று மணிக்குள் முடித்து வெளியேற வேண்டும். வெட்டாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கும் ஒருவர் ஒவ்வொரு குழுவிலும் இருக்க வேண்டும், அவருக்கும் அதே கூலி. முழுக்கைச் சட்டை, காலுறைக்குள் செருகிய பேன்ட். வேலை முடிந்து ஆறு நாள் முதல் மூன்று வாரத்துக்குள் கடும் காய்ச்சல், தலைவலி வந்து, அக்குளிலோ இடுப்பிலோ சிகரெட்டால் சுட்டதுபோல் கறுப்புப் பொருக்கு இருந்தால், புதரில் வேலை செய்ததை ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். ஊரில் உண்ணிக்காய்ச்சல் என்பார்கள். காரணம் செடி அல்ல, கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சியின் கடி. டாக்சிசைக்ளின் மாத்திரைக்குச் சீக்கிரம் கேட்கும், தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து.

கூலி வாராவாரம். மூன்று மாதம் கழித்து வங்கியில் விழும் கூலிக்கு ஆள் ஒருமுறை வரும், அடுத்த ஆண்டு காபித் தோட்டத்துக்குப் போய்விடும். அப்புறம் நாற்று பிடுங்கப் புதிய ஆளைப் பிடித்துப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒரு பட்டையை மூன்று ஆண்டுக்கு ஒரே நாலைந்து குடும்பங்களிடம் விட்டுவிடுவதுதான் மலிவு. எந்த மரத்தடியில் போன தடவை நாற்று வந்தது என்பது அவர்கள் தலையில் இருக்கும், எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

இரண்டாம் ஆண்டு ஒவ்வொரு நல்ல மழைக்கும் பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு சுற்று. ஒரு அடிக்குக் கீழே இருக்கும் நாற்று கையோடு வந்துவிடும், அதைத் தாண்டினால் திரும்பவும் கூந்தாலிதான். கழுத்து அறுபடாமல் துளிர்த்த பழைய கட்டைகளும் இந்தச் சுற்றில் தெரியும். நூற்றுக்குப் பத்துக்கு மேல் துளிர்த்திருந்தால் முதலாண்டு வேலையில் வெட்டு மேலாக விழுந்திருக்கிறது என்று பொருள். அடுத்த பட்டைக்குப் போகும் முன் கூந்தாலி பிடிப்பதைச் சரிசெய்யுங்கள். மூன்றாம் ஆண்டு வைகாசியில் ஒரு சுற்று, ஐப்பசி மழைக்குப் பின் ஒரு சுற்று. புல் மூடிய நடுத்தரையில் வேகமாக நடந்துவிடலாம். பறவை வந்து உட்காரும் மரத்தடிகளில் மட்டும் குனிந்து பார்க்க வேண்டும்.